யாருக்குக் காட்ட?

பெண்கள் நாலு பேர் கூடினால் பேசாத விடயம் இல்லை. அரிசி விலை, பிள்ளைகளின் பரீட்சை, காணாமற்போனவர்களின் வழக்கு, கடன் சங்கத் தவணை என்று எல்லாவற்றையும் பேசுவோம். ஆனால் விடிந்தது முதல் படுக்கைக்குப் போகும்வரை எமது உடம்போடு ஒட்டிக்கொண்டிருக்கும் உள்ளாடையைப் பற்றி மட்டும் வாய் திறப்பதில்லை. புடவைக் கடையில் ஒரு சேலை எடுக்க ஒரு மணித்தியாலம் நிற்போம். நிறம் பார்ப்போம், கரை பார்ப்போம், வெளிச்சத்தில் விரித்துப் பார்ப்போம். உள்ளாடை என்றால் இரண்டே நிமிடம்தான். “என்ன சைஸ் அக்கா?” என்று கடைப் பையன் கேட்டவுடன் தலை குனிந்துவிடும். “நடுத்தரமா ரெண்டு குடுங்க” என்று முணுமுணுத்து, கடதாசியில் சுற்றித் தந்ததை விரித்தும் பாராமல் பைக்குள் வைத்துக்கொண்டு வந்துவிடுவோம்.

வீட்டுக்கு வந்து உடுத்தினால் ஒன்று இடுப்பை இறுக்கும், அல்லது தொடையில் உரசும். திருப்பிக் கொடுக்கவும் முடியாது. “உள்ளுக்குள் போடுவதுதானே” என்று பொறுத்துக்கொள்வோம். பொறுத்துப் பழகியவர்கள் அல்லவா நாம்? பதுங்குகுழியில் கிடந்தோம், முகாமில் கிடந்தோம், பிள்ளையைத் தேடி அலைந்தோம். இவ்வளவையும் தாண்டி வந்தவர்கள் ஒரு ஜங்கியின் இலாஸ்டிக்கைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் நினைக்கலாம். பேசத்தான் வேண்டும் என்பது எனது எண்ணம். இத்தனையையும் தாண்டித் தப்பி வந்தது இந்த உடம்புதான். அதோடுதான் நாம் மீதிக் காலத்தையும் வாழவேண்டும்.

நான் கம்பளையில் வீட்டோடு இருந்து தையல் வேலை செய்பவள். எனது அம்மா இந்த ஊருக்கு மேலேயுள்ள தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவர். 1977 ஆகஸ்ட் கலவரத்தின் பின்னர் மலையகத்தை விட்டு வன்னிக்குப் போன பல குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. காந்தீயம் போன்ற அமைப்புகள் அந்நாட்களில் அப்படிப் போனவர்களைக் காணி கொடுத்துக் குடியமர்த்தின. நான் கிளிநொச்சிப் பக்கத்தில் பிறந்து, அங்கேயே வாழ்க்கைப்பட்டேன். 2009 இல் கணவரை இழந்தேன். செட்டிகுளம் மெனிக்பாம் முகாமில் இருந்துவிட்டு, அம்மாவின் தம்பி வீட்டுக்கு, அம்மா விட்டுப்போன அதே கம்பளைக்கு, மகளோடு வந்து சேர்ந்தேன்.

வரும்போது நான் கொண்டுவந்த சாமான்களில் ஒன்று எனது வலது பக்கத்தில் இருந்த தழும்பு. தொடையும் வயிறும் சேரும் மடிப்பில் ஷெல் துண்டு பட்டு ஆறிய இடம் அது. முகாமில் கிடைத்த உதவிப் பொதிக்குள் சவர்க்காரம், துவாய், சீப்பு, இரண்டு ஜங்கிகள் இருந்தன. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கும் ஐம்பது வயது அம்மாவுக்கும் ஒரே அளவு, ஒரே வெட்டு. அந்த நேரம் கிடைத்ததே பெரிது. ஆனால் அதன் கால் இலாஸ்டிக் எனக்கு நேராகத் தழும்பின் மேலேயே விழுந்தது. நடந்தால் உரசும், குந்தினால் வெட்டும், மாலையில் தோல் சிவந்து கசியும். அந்த இடத்தைச் சொல்லி மருந்து கேட்கவும் கூச்சம். பழைய சேலைத் துண்டை மடித்து இடையில் வைத்துக்கொண்டு மாதக்கணக்காக நடந்தேன்.

வெட்டு என்றால் என்ன?

கம்பளைக்கு வந்தபின் இப்பகுதியிலுள்ள ஆடைத் தொழிற்சாலையொன்றில் தையல் இயந்திரத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். எமக்குக் கிடைத்தது உள்ளாடை வரிசை. காலைச் சுற்றி இலாஸ்டிக் வைத்துத் தைப்பதுதான் எனது வேலை. ஒரு நாளைக்கு எத்தனை நூறு என்று கணக்கு வைக்க முடியாது.

இலங்கைப் பெண்கள் தைத்த உள்ளாடையை உலகெங்கும் பெண்கள் உடுத்துகிறார்கள். 1987 இல் தொடங்கப்பட்ட மாஸ் ஹோல்டிங்ஸ் போன்ற நிறுவனங்கள் விக்டோரியாஸ் சீக்ரெட் முதலிய வெளிநாட்டு வியாபாரப் பெயர்களுக்கு இங்கிருந்து தைத்து அனுப்புகின்றன. போர் முடிந்தபின் கிளிநொச்சியிலும் ‘விடியல்’, ‘வானவில்’ என்ற பெயர்களில் அந்த நிறுவனத்தின் தொழிற்சாலைகள் வந்தன. எமது சகோதரிகள் பலர் அங்கே வேலை செய்கிறார்கள். ஊருக்கெல்லாம் அளவு பார்த்துத் தைக்கும் நாம் எமக்கென்று வாங்கும்போது மட்டும் “நடுத்தரமா ரெண்டு” என்கிறோம்.

தொழிற்சாலையில்தான் எனக்கு ஒரு விடயம் விளங்கியது. ஒரே துணி, ஒரே அளவு, ஆனால் வெட்டு மட்டும் மாறும். ஒரு வெட்டில் காலின் வளைவு தொடை மடிப்பிலேயே போகும். இன்னொன்றில் அது இரண்டு அங்குலம் மேலே ஏறிப் போகும். வேறொன்றில் மடிப்பைத் தாண்டிக் கீழே இறங்கி, தொடையில் போய் நிற்கும். வெட்டு என்றால் நாகரிகம், வெள்ளைக்காரப் பெண்களின் விளையாட்டு என்றுதான் நான் அதுவரை எண்ணியிருந்தேன். உண்மையில் துணியின் விளிம்பு உடம்பில் எந்த இடத்தில் விழவேண்டும் என்பதைத் தீர்மானிப்பதுதான் வெட்டு. வேறொன்றும் இல்லை. இது விளங்கிய அன்றே எனது தழும்புக்கும் வழி தெரிந்துவிட்டது. விளிம்பு தழும்பின் மேல் விழாத வெட்டைத் தேடினால் போதும்.

கடைகளில் கிடைக்கும் வெட்டுக்கள் பல. பெயர்கள் கடைக்குக் கடை மாறும். ஆகவே பெயரை விட்டுவிட்டு உருவத்தைச் சொல்கிறேன்.

முதலாவது, தொப்புள்வரை ஏறும் முழு வெட்டு. வயிற்றையும் பின்புறத்தையும் முழுமையாக மூடும். பிள்ளை பெற்ற வயிற்றுக்கு இதமாக இருக்கும். சத்திரசிகிச்சை செய்து பிள்ளை பெற்றவர்களுக்கும் இதுவே நல்லது. ஏனென்றால் இதன் மேல்பட்டி தையல் போட்ட இடத்தில் அழுத்தாமல் அதற்கு மேலே நிற்கும். மாதவிடாய் நாட்களில் துணியோ பட்டியோ நகராமல் பிடிக்கவும் இது உதவும்.

இரண்டாவது, இடுப்பெலும்பில் நிற்கும் நடு வெட்டு. பக்கங்கள் மூன்று நான்கு விரல் அகலமாக இருக்கும். சல்வார், நீளப் பாவாடை உடுத்துபவர்களுக்கு ஏற்றது. பக்கம் அகலமாக இருப்பதால் சதையை வெட்டாது.

மூன்றாவது, பக்கங்கள் ஒடுங்கிய சிறு வெட்டு. மெலிந்த இடுப்புக்குச் சரிவரும். சற்றுப் பருத்தவர்களுக்கு அந்த ஒடுங்கிய பக்கம் கயிறுபோல் இறுகி, மேலும் கீழும் சதையைப் பிதுக்கிக் காட்டும்.

நான்காவது, கால் வைத்த வெட்டு. சிறு காற்சட்டைபோல் தொடையின் மேற்பகுதியையும் மூடும். தொடையோடு தொடை உரசிப் புண்ணாகிறவர்களுக்கும் நெடுந்தூரம் நடப்பவர்களுக்கும் இது பெரிய ஆறுதல். தொடை மடிப்பில் தழும்பு உள்ளவர்களுக்கு அந்த இடத்தில் விளிம்பே வராது. அளவு சிறிதானால் மட்டும் கால் சுருண்டு மேலே ஏறிவிடும்.

ஐந்தாவது, கால் வளைவு இடுப்பை நோக்கி உயர்ந்து போகும் வெட்டு. பார்த்தால் இளம் பெண்களுக்கு என்று தோன்றும். ஆனால் குந்தி எழும்பும் வேலை செய்கிறவர்களுக்கு மடிப்பில் இலாஸ்டிக் இல்லாதது எவ்வளவு சுகம் என்பது உடுத்திப் பார்த்தால்தான் தெரியும்.

பின்புறம் துணியே இல்லாமல் ஒரு நாடா மட்டும் உள்ளதும் உண்டு. நான் தொழிற்சாலையில் இதனைத் தைப்பதை அறிந்த தோட்டத்து அத்தை ஒருவர், “இது எதுக்கு புள்ள, கொழுந்துச் சாக்குக் கட்டவா?” என்று கேட்டு என்னைச் சிரிக்க வைத்தார். இறுக்கமான ஆடைக்கு உள்ளே கோடு தெரியாமல் இருக்க அதனை உடுத்துகிறார்கள். விரும்பியவர்கள் உடுத்தட்டும்.

யாருடைய உடம்பு, என்ன வேலை?

எந்த வெட்டு நல்லது என்று என்னிடம் கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். உங்கள் உடம்பில் விளிம்பு விழக்கூடாத இடம் எது?

தோட்டத்தில் கொழுந்தெடுக்கும் பெண்ணுக்கு அது இடுப்பு. மழைக்கும் பனிக்கும் இடுப்பில் படங்கைச் சுற்றிக் கயிறு கட்டுவார். அதற்குள் உட்பாவாடை நாடா. அதற்கும் உள்ளே ஜங்கியின் இலாஸ்டிக். மூன்றும் ஒரே இடத்தில் இறுகினால் தோல் என்ன செய்யும்? அவருக்கு மேல்பட்டி நாடாவுக்குக் கீழே நிற்கும் நடு வெட்டு நல்லது. அல்லது நாடாவுக்கு மேலே போகும் முழு வெட்டு நல்லது. இரண்டும் ஒரே கோட்டில் வரக்கூடாது.

உட்பாவாடை நாடாவைச் சிறிய விடயமாக எண்ணவேண்டாம். சேலை கட்டும் பெண்களின் இடுப்பில் தோல் கறுத்துத் தடித்துச் செதில் விடுவதைப் பலர் கண்டிருப்பீர்கள். 2024 இல் பிஎம்ஜே கேஸ் ரிப்போட்ஸ் என்ற மருத்துவச் சஞ்சிகையில் இந்திய மருத்துவர்கள் இரண்டு வயதான பெண்களைப் பற்றி எழுதினார்கள். பல்லாண்டுகளாக இடுப்பில் இறுக்கிக் கட்டியதால் வந்த புண் ஆறாமல், கடைசியில் தோற்புற்றாக மாறியிருந்தது. இது அபூர்வமாக நடப்பதுதான். ஆனாலும் இடுப்பில் ஆறாத புண் இருந்தால் ஆஸ்பத்திரியில் காட்டத் தாமதிக்கக் கூடாது. மெல்லிய நாடாவுக்குப் பதிலாக அகலப் பட்டி வைத்துத் தைப்பதும், தளர்த்திக் கட்டுவதும், ஒரே இடத்தில் கட்டாமல் மாற்றுவதும் நாம் இன்றே செய்யக்கூடியவை.

முழங்காலுக்கு மேலே காலை இழந்து செயற்கைக் கால் அணியும் சகோதரிகளுக்கு விளிம்பு விழக்கூடாத இடம் தொடையடி. செயற்கைக் காலின் கிண்ணம் அதுவரை வந்து முட்டும். ஜங்கியின் தடித்த தையலோ மடிப்போ கிண்ணத்துக்கும் தோலுக்கும் இடையில் அகப்பட்டால் ஒரே நாளில் கொப்பளித்துவிடும். கால் வளைவு கிண்ணத்துக்கு மேலே நிற்கும் உயர் வெட்டையும், மெல்லிய விளிம்பு உள்ளதையும் பார்த்து எடுக்கவேண்டும். 1987 முதல் இயங்கிவரும் யாழ்ப்பாணம் ஜெய்ப்பூர் நிலையம் போன்ற இடங்களுக்குக் கால் அளவெடுக்கப் போகும்போது வழக்கமாக உடுத்தும் உள்ளாடையோடே போங்கள். உரசும் இடத்தை வெட்கப்படாமல் சொல்லுங்கள். அவர்கள் அதைக் கேட்டுத்தான் கிண்ணத்தைச் சரிசெய்ய முடியும்.

முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டுச் சக்கர நாற்காலியில் இருப்பவர்களுக்கு அது உட்காரும் இடம். அங்கே உணர்ச்சி குறைவாக இருப்பதால் தடித்த தையல் அழுத்துவது தெரியாது. தெரியும்போது புண்ணாகியிருக்கும். பின்புறத்தில் தையலே இல்லாததைத் தேடவேண்டும். கிடைக்காவிட்டால் தையல் பக்கத்தில் வருமாறு தைப்பித்துக்கொள்ளலாம்.

அழகும் தேவைதான்

இதுவரை வசதியைப் பற்றிச் சொன்னேன். அழகைப் பற்றியும் சொல்லவேண்டும். அதைச் சொல்லத்தான் எமக்கு அதிகம் தயக்கம்.

தொழிற்சாலையில் முதல் சம்பளத்தில் மகளுக்குப் புத்தகப் பை வாங்கினேன். இரண்டாம் மாதச் சம்பளத்தில் எனக்கென்று மரூன் நிறத்தில் உயர் வெட்டு ஜங்கிகள் இரண்டு வாங்கினேன். இடுப்பில் இரண்டு விரல் அகலத்துக்கு மெல்லிய லேஸ் வைத்திருந்தது. தழும்பில் படவே இல்லை. உடுத்திக்கொண்டு நடந்தபோது எனது நடையே மாறியதுபோல் இருந்தது. கழுவிப் பின்வளவில் வெயிலில் காயப் போட்டேன். மாமி பார்த்துவிட்டார். கோபமாக அல்ல, மெதுவாகத்தான் கேட்டார். “ஏன் புள்ள, இதெல்லாம் இனி யாருக்குக் காட்ட?”

அந்தக் கேள்வியை மாமி கண்டுபிடிக்கவில்லை. பொட்டு வைத்தாலும், பூ வைத்தாலும், நல்ல சேலை கட்டினாலும் கணவனை இழந்தவளிடம் கேட்கப்படுவது அதுதான். கணவனின் கண்ணுக்காகத்தான் பெண்ணுக்கு அழகு, அவன் போனபின் அவளுக்கு எதுவும் தேவையில்லை என்பது எமது சமூகத்தில் ஊறிப்போன எண்ணம். வெளியில் உடுத்தும் சேலைக்காவது ஊர்க் கண்ணைக் காரணம் சொல்லலாம். உள்ளாடையை எவருமே காண்பதில்லையே! அப்படியானால் அதனை அழகாக உடுத்துபவள் தனக்காகத்தான் உடுத்துகிறாள் என்பது வெளிச்சமாகிவிடுகிறது. அதுதான் மற்றவர்களைத் திடுக்கிட வைக்கிறது என்று நினைக்கிறேன்.

“எனக்குத்தான் மாமி” என்றேன். மாமி ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டார். நான் வெயிலிலிருந்து அவற்றை எடுக்கவில்லை.

சில மாதங்கள் கழித்து மாமியின் இடுப்பில் நாடாப் பட்ட இடம் தோல் உரிந்திருந்ததைக் கண்டேன். முப்பத்தைந்து வருடம் மலையில் கொழுந்தெடுத்தவர் அவர். பழைய பருத்திச் சேலையைக் கிழித்து நாலு விரல் அகலப் பட்டி வைத்து உட்பாவாடை தைத்துக் கொடுத்தேன். மேல்பட்டி மெத்தென்று இருக்கும்படி இரண்டு ஜங்கிகளும் தைத்தேன். “நெறம் என்னா இது, வெள்ளை? அழுக்குத் தெரியுமே. ஒன்னோடது மாதிரி செவப்புத் துணி இல்லயா?” என்று கேட்டார். அன்று இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம்.

அழகு என்றால் விலை உயர்ந்த லேஸ் மட்டும் அல்ல. மேலே உடுத்தும் உடுப்பு மடிப்பில்லாமல் விழவேண்டும், அதுவே பெரிய அழகு. சல்வாருக்கு மேலால் ஜங்கியின் கோடு தெரிகிறது என்று பலர் ஒரு சைஸ் குறைத்து இறுக்கமாக வாங்குகிறார்கள். கோடு தெரிவதே இறுக்கத்தினால்தான். ஒரு சைஸ் கூட்டி, விளிம்பு தட்டையாக உள்ளதை எடுத்தால் கோடு போய்விடும். இன்னொன்று, வெள்ளைச் சேலைக்கும் பாடசாலை வெள்ளைச் சட்டைக்கும் உள்ளே வெள்ளை உள்ளாடை போட்டால்தான் நன்றாகத் தெரியும். எமது தோலின் நிறத்துக்குக் கிட்டிய மண்ணிறம் போட்டால் தெரியாது.

அளவெடுக்கும் விதம்

ஒரு அளவு நாடாவை எடுத்து, கதவைச் சாத்திவிட்டு நில்லுங்கள். பின்புறத்தின் மிகப் பெருத்த இடத்தைச் சுற்றி, நாடா தரைக்குச் சமாந்தரமாக இருக்கும்படி அளவெடுங்கள். அதுதான் ஜங்கிக்கு முக்கியமான அளவு. மேல்பட்டி நிற்கவேண்டும் என்று நீங்கள் விரும்பும் இடத்தையும் அளந்துகொள்ளுங்கள். இரண்டையும் அங்குலத்தில் ஒரு துண்டில் எழுதி வையுங்கள். எஸ், எம், எல் என்ற எழுத்துக்களை நம்பவேண்டாம். ஒரு கம்பனியின் எம் இன்னொன்றின் எல் ஆக இருக்கும். பைக்கட்டில் அங்குலமோ சென்ரிமீற்றரோ போட்டிருந்தால் அதனைப் பாருங்கள். ஓர் அங்குலம் 2.54 சென்ரிமீற்றர்.

கடையில் உடுத்திப் பார்க்க முடியாது. ஆகவே வீட்டில் உங்களுக்குச் சரியாக இருக்கும் ஒன்றை மேசையில் விரித்து, மேல்பட்டியின் அகலத்தையும் பக்கத்தின் உயரத்தையும் அளந்துகொண்டு போங்கள். கடையில் புதியதை விரித்து அளந்து பாருங்கள். நடைபாதையில் ஏற்றுமதியில் கழித்த சரக்கு வாங்கும்போது இது மிகவும் உதவும். அங்கே சைஸ் சீட்டை வெட்டியிருப்பார்கள்.

இலாஸ்டிக்கை இழுத்துவிட்டுப் பாருங்கள். உடனே பழைய அளவுக்குத் திரும்பவேண்டும். இரண்டு கால்களுக்கும் நடுவில் வைத்துத் தைக்கும் துண்டை நாம் தொழிற்சாலையில் ‘கசட்’ என்போம். அது இரண்டு மடிப்பாக இருக்கவேண்டும், உள்மடிப்பு கட்டாயம் பருத்தியாக இருக்கவேண்டும். மேலே நைலோன் இருந்தாலும் பாதகமில்லை, அந்த இடத்தில் பருத்திதான் வேண்டும். வியர்வையும் ஈரமும் தங்கினால் பங்கசுத் தொற்று, அரிப்பு, வெள்ளைபடுதல் எல்லாம் கூடும். பருத்தியோடு சிறிதளவு லைக்ரா கலந்தது நன்றாக நீளும், தொய்யாது. லைக்ரா என்பது 1958 இல் அமெரிக்காவின் டுபொண்ட் கம்பனியில் ஜோசப் ஷிவர்ஸ் என்பவர் உருவாக்கிய இழை.

வீட்டுக்கு வந்து உடுத்தியபின் குந்துங்கள், எழும்புங்கள், ஒரு படி ஏறுங்கள். மேல்பட்டிக்குள் இரண்டு விரல் இலகுவாகப் போகவேண்டும். மாலையில் கழற்றும்போது தோலில் ஆழமான சிவந்த தடம் இருந்தால் அது உங்கள் அளவு அல்ல.

கழுவியபின் துவாய்க்கு அடியில் ஒளித்துக் காயப் போடும் வழக்கத்தை விடவேண்டும். கம்பளையைப்போல் மழை கூடிய ஊரில் ஒளித்துப் போட்டது இரண்டு நாளானாலும் காயாது. ஈரத்தோடு உடுத்தினால் தொற்றுத்தான் மிச்சம். வெயில் பட்டுக் காயட்டும். வெயில் இல்லாத நாளில் ஸ்திரிக்கைப் பெட்டியால் அழுத்தி உலர்த்தலாம்.

பெயர் வேண்டாம், அளவு போதும்

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது மகாவலி பெருகிக் கம்பளை நகருக்குள் புகுந்தது. உடுத்த உடுப்போடு வெளியேறிய பெண்களுக்கு அரிசி வந்தது, பாய் வந்தது, பழைய சேலையும் சட்டையும் மூட்டை மூட்டையாக வந்தன. உள்ளாடை கேட்க எவருக்கும் வாய் வரவில்லை. மெனிக்பாமில் நானும் கேட்காமல் இருந்தவள்தானே. ஆகவே எமது பகுதியில் தையல் தெரிந்த நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து ஒரு வழி செய்தோம். சின்னக் கடதாசித் துண்டுகளும் ஓர் அளவு நாடாவும் ஒரு தகரப் பெட்டியும் பெண்கள் தங்கியிருந்த அறையில் வைத்தோம். பெயர் எழுதவேண்டாம், பாய் இலக்கமும் இடுப்பளவும் மட்டும் எழுதிப் போடுங்கள், வெட்டு எப்படி வேண்டும் என்றால் ஒரு கோடு கீறுங்கள் என்றோம். தமிழ், முஸ்லிம், சிங்களப் பெண்கள் எல்லோரும் போட்டார்கள். ஒரு துண்டில் படம் கீறி, வயிற்றில் ஒரு குறுக்குக் கோடு போட்டு, ‘இதில் படக்கூடாது’ என்று எழுதியிருந்தது. பிள்ளை பெற்று மூன்று கிழமையான தாய் அவர்.

அனர்த்த வேலை செய்யும் நிறுவனங்கள் பின்பற்றும் ஸ்பியர் கைநூலின் 2018 பதிப்பு, மாதவிடாய்த் தேவைகளோடு சேர்த்து ஒரு பெண்ணுக்கு வருடத்துக்கு ஆறு உள்ளாடைகள் என்று குறித்துள்ளது. ஆகவே அது கேட்டு வாங்கவேண்டிய உரிமை, வெட்கப்படவேண்டிய பிச்சை அல்ல. உங்கள் ஊரில் நிவாரணக் குழு, மாதர் சங்கம், மரண உதவிச் சங்கம் எதுவானாலும் பட்டியல் எழுதும்போது உள்ளாடையையும் அளவோடு எழுதச் சொல்லுங்கள்.

சகோதரிகளே, எமது பெண்பிள்ளைகள் பெரியவர்களானதும் சடங்கு செய்கிறோம். தோடு போடுகிறோம், சேலை எடுக்கிறோம், மண்டபம் பிடிக்கிறோம். அந்தப் பிள்ளைக்கு அளவெடுத்து, அவளுக்குப் பிடித்த நிறத்தில், பிடித்த வெட்டில் ஆறு உள்ளாடை வாங்கிக் கொடுப்பவர் எத்தனை பேர்? எனது மகளுக்கு நான் அதைத்தான் முதலில் கொடுத்தேன். அளவு நாடாவையும் கையில் கொடுத்தேன். இப்போது அவள் கடைக்குப் போனால் நிமிர்ந்து நின்று, “இடுப்பு முப்பத்தாறு, கால் உயர்ந்த வெட்டு, உள்ளே பருத்தி” என்று கேட்கிறாள். கடைப் பையன்தான் குனிந்து தேடுகிறான்.